தம்மா, தீனியா: உடம்பை எது அதிகம் கெடுக்கிறது என்று உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுத்தடிக்க விருப்பமில்லை. ஆளுக்கு ஆள் வைத்துப் பார்த்தால் சிகரெட்தான் மோசம். பீடியும் அப்படித்தான். ஆனால் இந்தப் பதில் பாதிப் பேருக்கு உதவாது, ஏனென்றால் குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலோ கோத்தகிரி மார்க்கெட்டிலோ இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை, தங்கள் பழக்கத்துக்கு ஒரு சால்ஜாப்பு கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். தம் அடிப்பவர் "அவன் தின்னுற தீனிக்கு எனக்கு முன்னாடி போயிடுவான்" என்பார். பேக்கரியில் வர்க்கி, பஃப்ஸ், கூடவே ஒரு கூல்டிரிங்க்ஸ் என்று உட்கார்ந்திருப்பவர் "நமக்கு பீடி சிகரெட் எல்லாம் கிடையாதுப்பா" என்பார். ரெண்டு பேருக்கும் அடுத்தவர் கணக்கு நன்றாகத் தெரிகிறது. தன் கணக்கைப் போடுவது எப்படி என்பதற்குத்தான் இது.

செத்தவர்கள் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாதீர்கள்

தேடினால் முதலில் கண்ணில் படுவது இரண்டு பெரிய எண்கள். புகையிலையால் உலகத்தில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேல் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தவறான உணவுப் பழக்கத்தால் 2017இல் இறந்தவர்கள் சுமார் 1.1 கோடி என்று 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உடனே "பார்த்தியா, சாப்பாடுதான் பெரிய எமன்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவு தப்பு. சாப்பிடாத ஆள் உலகத்தில் இல்லை, புகைப்பவர்கள் ஒரு பகுதிதான். அதோடு அந்த 1.1 கோடியை சிப்ஸ் பாக்கெட் கணக்கில் எழுதவும் முடியாது. அதில் பெரிய பங்கு உப்பு கூடுதலாகச் சேர்ப்பது, முழுத் தானியமும் பழமும் குறைவாகச் சாப்பிடுவது ஆகியவற்றுக்கு. வாழ்நாளில் பர்கரே பார்க்காமல் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் ஊறுகாயும் சாப்பிடுகிறவரும் அதில் அடக்கம்.

இன்னொரு பொறி: "ரெண்டும் ஒரே லிஸ்ட்ல இருக்கு". 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது, புகையிலை இருக்கும் அதே பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு, புற்றுநோய் வரும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு. சதவீதத்தையும் மடங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் என்று புரியும்.

உருப்படியான ஒப்பீடு வேண்டுமென்றால் ஆயுளில் எத்தனை வருடம் போகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951 தொடங்கி 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். விடாமல் சிகரெட் பிடித்தவர்களுக்கு சராசரியாக 10 வருடம் குறைந்தது. எடைக்கு, சுமார் 9 லட்சம் பேரை வைத்து 2009இல் வந்த தொகுப்பு ஆய்வு இருக்கிறது. பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு 2 முதல் 4 வருடம் போகிறது. 40 முதல் 45 வரை போனால் 8 முதல் 10 வருடம், அதாவது சிகரெட்டுக்குச் சமம். ஆக, தீனி சிகரெட் அளவுக்குக் கெடுக்கவே முடியாது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த இடத்துக்கு வர அது ரொம்ப தூரம் போக வேண்டும். சிகரெட்டுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த எடை ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்காக்காரர்கள். நம் உடம்பு வேறு மாதிரி, கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேரும், சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே வந்துவிடும். அதனால்தான் நம் ஊர் மருத்துவர்கள் பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்கிறார்கள். "எனக்கு 26தானே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

உங்கள் எண்களை எடுங்கள்

ஒரு பேப்பர் போதும். புகைப்பவர் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்பதை 20ஆல் வகுத்து, எத்தனை வருடம் என்பதால் பெருக்குங்கள். நாளைக்கு 10 வீதம் 20 வருடம் என்றால் 10 வரும். மருத்துவர்கள் பாக்கெட்-ஆண்டு என்று கேட்பது இதைத்தான், போகும்போது இந்த எண்ணைச் சொன்னால் அவர்களுக்கு வேலை மிச்சம். பீடியைக் குறைத்து எண்ணாதீர்கள். இலை சுற்றியது அணையாமல் இருக்க அழுத்தி, அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவாகப் போவதில்லை. காசுக் கணக்கையும் சேர்த்துப் போடலாம், ஒன்று 20 ரூபாய் என்று வைத்து நாளைக்கு 8 பிடித்தால் வருடத்துக்கு 58,400 ரூபாய்.

தீனிக்காரர் டேப் எடுத்து இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, நின்றபடி, மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு. பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுகிற ஊர் இது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள், அவர்கள் வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் பாக்கெட். பின்பக்கம் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். பல பாக்கெட்டுகளில் இந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, மொத்தத்துக்கா என்று குழப்புவார்கள், அதை முதலில் பாருங்கள். 300 மில்லி கோலாவில் சர்க்கரை சுமார் 30 கிராம், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பதுதான் நல்லது என்கிறார்கள். வர்க்கியும் பஃப்ஸும் அடுக்கடுக்காக வருவதே மைதாவுக்கு இடையில் தடவும் கொழுப்பால்தான். அந்தக் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை ஆலையில் கெட்டியாக்கும்போது உருவாகி இதயத்தைக் கெடுக்கும் வகை) 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது, நல்ல விஷயம், ஆனாலும் கொழுப்பு கொழுப்புதான்.

ஒன்று மட்டும்தானே

இங்கேதான் ரெண்டும் பிரிகின்றன. வாரத்தில் ஒரு நாள் இரண்டு வர்க்கியை டீயில் தொட்டுச் சாப்பிடுகிறவருக்கு எதுவும் ஆகிவிடாது. மற்ற நாட்களில் அவரைக் குழம்பு, சாமைச் சோறு, கீரை என்று ஒழுங்காகப் போனால் உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். தீனியின் கேடு அளவைப் பொறுத்தது, கூடக் கூட ஏறும்.

சிகரெட் அப்படி நேர்கோட்டில் ஏறுவதில்லை. நாளைக்கு 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இருபதில் ஒரு பங்கு பிடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இதயத்துக்குத் தெரியாது. "குறைச்சிட்டேன் சார்" என்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். முழுதாக நிறுத்துவதற்குக் குறைப்பது ஒரு படி, அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானலும் கிட்டத்தட்ட அதே. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், எனவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு இதற்குப் பழகியிருக்கும். ஆனால் சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிமானத்தோடு பிடித்துக்கொள்கிறது. புகைப்பவரின் ரத்தத்தில் 100க்கு 3 முதல் 8 இடம் வரை இப்படிப் போயிருக்கும். ஏற்கெனவே குறைவாக வருவதிலும் ஒரு பங்கு கழிகிறது. எஸ்டேட் படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்கினால் "மலை ஏத்தம் அப்படி" என்று எல்லோரும் மலையின் மேல் பழியைப் போடுகிறார்கள். பக்கத்தில் அதே வயதில் புகைக்காத ஆள் பேசிக்கொண்டே ஏறுவதைக் கவனியுங்கள். நல்ல செய்தி, நிறுத்திய ஒரே நாளில் இந்த கார்பன் மோனாக்சைடு பெருமளவு இறங்கிவிடும். நிறுத்திச் சில வாரம் ஆகியும் படியேறும்போது திணறல் போகவில்லை, அல்லது காலை இருமல் விடவில்லை என்றால் நுரையீரல் ஊதும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"குளிருக்கு இதமா இருக்கு" என்பதும் பொய். நிகோட்டின் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, விரல் நுனி இன்னும் சில்லிட்டுத்தான் போகும். இதமாக இருந்தது அந்த டீ.

இன்னொன்று எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். லைன் வீடுகளில் ஒரே அறை, குளிருக்கு ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே பீடி பிடிப்பார்கள், பக்கத்தில் குழந்தை தூங்கும். நீங்கள் சாப்பிட்ட சிப்ஸ் உங்கள் பிள்ளையின் நுரையீரலுக்குப் போகாது. புகை போகும். ஒப்பிடுவதற்கு இந்த ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

வயிறு முட்டத் தின்பது வேறு விஷயம்

சீசனில் சொந்தக்காரர்கள் வந்தபோது பஜ்ஜி, சாக்லேட் என்று அளவுக்கு மீறிச் சாப்பிட்டதைப் பற்றி இங்கே பேசவில்லை. பசியே இல்லாமல், வேகவேகமாக, வயிறு வலிக்கும் வரை, யாரும் பார்க்காதபடி தனியாகச் சாப்பிட்டு, முடித்ததும் தன் மேலேயே வெறுப்பு வருவது, நிறுத்த நினைத்தும் கை நிற்காதது, இப்படி வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதற்கு மருத்துவத்தில் பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்று தனியாகவே ஒரு பெயர் உண்டு, 2013இலிருந்து அது தனி மனநலப் பிரச்சினையாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் பட்டியலில் இருக்கிறது. மன உறுதி இல்லாததால் வருவது அல்ல. அப்படியானால் மேலே சொன்ன பாக்கெட் கணக்கு, டேப் அளவு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், எண்ணிப் பார்ப்பது சிலருக்கு இதை அதிகமாக்கும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மதியச் சோற்றை விட்டவர்தான் ராத்திரி பாக்கெட்டைப் பிரிக்கிறார்.

மற்றவர்களுக்கும் பாக்கெட் தீனி ஒன்றும் அப்பாவி இல்லை. 2019இல் அமெரிக்காவில் 20 பேரை ஆராய்ச்சிக் கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்தபோது தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. அதனால் கடையில் பெரிய பாக்கெட் மலிவு என்று வாங்காதீர்கள், வாங்கினாலும் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பாக்கெட்டைக் கட்டி வைத்துவிட்டு உட்காருங்கள்.

ரெண்டும் இருந்தால் எதை முதலில்

சிகரெட்டை. என் கருத்தில் ரெண்டையும் ஒரே வாரத்தில் தொட வேண்டாம். நிறுத்தினால் குண்டாகிவிடுவேன் என்ற பயம் நியாயமானதுதான், முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது, நிகோட்டின் அடக்கி வைத்திருந்த பசி திரும்ப வரும். ஆனாலும் லாபம் நிறுத்துவதில்தான். மேலே சொன்ன மருத்துவர் ஆய்விலேயே 30 வயதில் நிறுத்தியவர்கள் இழக்கவிருந்த 10 வருடத்தையும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றார்கள், 40இல் நிறுத்தியவர்கள் 9, 50இல் 6, 60இல்கூட 3. சிகரெட் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பையும் 30 முதல் 40 சதவீதம் கூட்டுகிறது, ஆகவே எடைக்காகத் தம்மைப் பிடித்து வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

முதல் மூன்று நாள்தான் கடுமை, அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான் நிற்கும், அந்த நேரத்துக்கு வாயில் போட நம் ஊர் கேரட் இருக்கிறது, கழுவி வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வேலை, வயிற்றுக்குக் கேடில்லை.

டீ விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். புகை உடம்பில் கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும், அதே நான்கு டீ குடித்தாலும் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கும். படபடப்பு, எரிச்சல், தூக்கம் வராதது எல்லாவற்றையும் சிகரெட் ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்ற வைக்கிறார்கள். முதல் சில வாரம் டீயைப் பாதியாக்குங்கள்.

நிகோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிறவராக இருந்தால் அது போதாது, 4 மில்லிகிராமுக்கு மருத்துவரைப் பாருங்கள். சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுரீர் என்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், அது அடங்கியதும் மறுபடி நாலு கடி. டீ, காபி, கூல்டிரிங்க்ஸ் குடித்து 15 நிமிஷம் கழித்துத்தான் போட வேண்டும், வாயில் இருக்கும்போதும் குடிக்கக் கூடாது, இல்லையென்றால் மருந்து உள்ளே இறங்காது. தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும்.