வாக்கிங் குழு நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகள், முதலில் நான் செய்தவை

போன வாரம் தெப்பக்குளத்தில் ஒரு புதுக் குழுவைப் பார்த்தேன். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். தலைவர் கழுத்தில் விசிலோடு முப்பதடி முன்னால் வீசி நடக்கிறார், பின்னால் ஆறேழு பேர் துண்டு துண்டாக வருகிறார்கள், எல்லாருக்கும் கடைசியில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாக. ஆறு வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

ஹவாய் செருப்பில் வராதீர்கள், தண்ணீர் எடுத்து வாருங்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது பேரப்பிள்ளைக்கே தெரியும்.

முன்னால் போய்விடுவது

நான் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆள் படியில் கால் வைக்காமல் ஒரு நாளும் விசில் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் வாக்கிங் என்று வந்ததும் டிரைவராகிவிட்டேன்.

தெப்பக்குளத்தைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். வேகமாக நடக்கிற நாலு பேரோடு நான் மூலையில் போய் நிற்பேன். மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் "சரி, போலாமா?" என்பேன். இதில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். மூச்சு வாங்காத எங்களுக்கு மூன்று நிமிட ஓய்வு, மூச்சு வாங்க வருகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கடைசி இலைக்கு ரசம் வருவதற்குள் முதல் வரிசை கைகழுவ எழுந்துவிடுகிற பந்தி மாதிரிதான் இது. இதை நான் பொறுமையாகக் காத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஒரு நாள் ஒரு அக்கா, அறுபத்தெட்டு வயது, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். பாதிச் சுற்றில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அந்த நேரத்தில் அருகம்புல் சாறு குடித்துக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தோம். பூ விற்கிற ஒரு பெண்தான் சர்க்கரையை அள்ளிப்போட்டு டீ வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். தலையை எண்ணிப் பார்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

அடுத்த நாளிலிருந்து அக்கா வரவில்லை. கேட்டால் முட்டி வலி என்றார். நாலு மாதம் கழித்து ஒரு காதுகுத்தில் பார்த்தபோதுதான் சொன்னார்: "முட்டியெல்லாம் நல்லாத்தான் தம்பி இருக்கு. என்னால எல்லாரும் காத்துக்கிடக்குறீங்களேன்னு கூச்சமா இருந்துச்சு." யாரும் வேகத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டு நிற்க மாட்டார்கள். முட்டி, மருமகள், பால்காரர் என்று ஏதாவது சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள்.

இதைச் சொன்னால் புதுத் தலைவர்கள் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "மெதுவா நடந்தா எக்சர்சைஸ் ஆகாதே சார்?" எரிச்சலாக வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்வதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்புதான். மிதம் என்பது அவரவர் உடம்புக்கு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான் அளவு. உங்களுக்கு உலாத்தலாக இருப்பது அந்த அம்மாவுக்கு ஓட்டமாக இருக்கும்.

இப்போது நான் கடைசியில்தான் நடக்கிறேன். வேகக்காரர்கள் முன்னால் போய்த் திரும்பி எங்களிடம் வந்து மறுபடி போகட்டும், அவர்களுக்கும் தூரம் கூடும். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைக்காரர்களுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் அளவு சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை விஷயம்

எதைப் போடலாம், எதை நிறுத்தலாம் என்று யாருக்கும் சொல்ல வாயைத் திறக்காதீர்கள்.

ஸ்டெப்ஸ் போட்டி

வாட்ஸ்அப்பில் தினமும் யார் எத்தனை அடி என்று போடச் சொன்னேன், உற்சாகமாக இருக்கும் என்று. பத்து நாளில் ஒருவர் போனைப் பேரன் கையில் கொடுத்து ஓடவிட்டுக் கணக்குக் காட்டினார். ஒரு நாளைக்கு என்று எல்லாரும் சொல்கிற அந்த 10,000 அடியே 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த கணக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததில்லை. குறைவாக நடந்தவர்கள்தான் முதலில் குரூப்பை விட்டுப் போனார்கள்.

எல்லாம் நானே

மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் சென்னை போய் வந்தேன். திரும்பி வந்தால் குழு இல்லை. கேட்டால் "நீங்க வருவீங்கன்னு இருந்தோம்ணே" என்கிறார்கள். போன் நம்பர், யாருக்கு என்ன நோய், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் எல்லாம் என் டைரியில், டைரி என்னோடு சென்னையில். இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் அவரே நடத்தட்டும், நீங்கள் ஊரில் இருக்கும்போதே.

நாய்

கல்லை எடுக்காதீர்கள். கரையை மாற்றி நடங்கள்.

அந்தப் புதுத் தலைவரிடம் நேற்றுப் பேசினேன். "பின்னாடி நடந்தா யாருண்ணே என்னைய லீடர்னு மதிப்பா?" என்றார். விசிலைக் கேட்டு வாங்கி, கடைசியில் வந்த அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன், அவங்க ஊதினால்தான் கிளம்ப வேண்டும் என்று. அந்தம்மா சிரித்துக்கொண்டே முந்தானையில் முடிந்துகொண்டார். நாளைக் காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், விசில் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று.