கருப்பட்டிப் பாகில் ஏத்தம்பழம்: சூடாகச் சாப்பிட ஒரு எளிய பலகாரம்

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில் என்ன செய்யலாம் என்று யோசித்தால் எல்லோருக்கும் பஜ்ஜிதான் முதலில் ஞாபகம் வரும். வீட்டில் நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் இரண்டு கிடந்தால் பஜ்ஜியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் நெய், இவ்வளவு இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் சுடச்சுட ஒரு பலகாரம் தயார். மாவு கரைக்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம்.

குமரி மாவட்டத்தில் நாங்கள் ஏத்தன் என்று சொல்வதுதான் மற்ற ஊர்க் கடைகளில் நேந்திரம்பழம். கேரளத்தில் ஓணத்தன்று காலையில் இதே வகையில் 'பழம் நுறுக்கு' செய்து பப்படத்தோடு சாப்பிடுவார்கள். குமரி முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த பகுதி என்பதால் இந்தச் சமையல் எங்கள் பக்கத்து வீடுகளிலும் உண்டு. அங்கே பெரும்பாலும் வெல்லம் போடுவார்கள். எனக்குக் கருப்பட்டிதான். அந்த லேசான புகை வாசனை பழத்தோடு சேரும்போது வருகிற ருசியை வெல்லம் தராது, சீனி நிச்சயமாகத் தராது.

இந்தப் பலகாரத்தில் முக்கால் பங்கு வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது, அதாவது பழம் எடுப்பதில். தோல் பளபளவென்று மஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கிற பழம் இதற்கு ஆகாது. தோலில் கருப்புப் புள்ளிகள் விழுந்து, நுனி கறுத்து, தோல் மெலிந்து, அழுத்தினால் லேசாக இடம் கொடுக்க வேண்டும், ஆனால் உள்ளே தளர்ந்திருக்கக் கூடாது. காயில் இருக்கிற மாவுச்சத்து பழுக்கப் பழுக்கத்தான் சர்க்கரையாக மாறும். அரைப்பழத்தை எவ்வளவு பாகில் போட்டு வேகவைத்தாலும் வெளியே இனிப்பு, உள்ளே கிழங்கு மாதிரி மாவு, அவ்வளவுதான். கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்திலும் இதே தொல்லைதான், வெளியே மஞ்சளாக இருக்கும், காம்பு மட்டும் பச்சையாக நிற்கும், வெட்டிப் பார்த்தால் சதை வெளிறிக் கிடக்கும். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை என்றாலும் சந்தையில் கண் வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு சீப்பு முழுக்க வாங்காமல், கொஞ்சம் காய்வெட்டாக இருக்கிற பழம் நாலைந்து வாங்கி, வீட்டில் காற்றுப் படுகிற இடத்தில் வைத்துப் பழுக்க விடுங்கள். புள்ளி விழுந்த பிறகு எடுங்கள்.

பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி எல்லாம் அப்படியே சாப்பிட அருமையான பழங்கள். சூட்டில் நிற்காது, குழைந்து களியாகிவிடும். செவ்வாழை கெட்டியாக இருந்தால் ஓரளவு தாங்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடையில் கிடைக்கும் பெரிய பிளாண்டினைத் தோல் முக்கால்வாசி கறுக்கும் வரை வைத்திருந்து செய்யலாம், இனிப்பு கொஞ்சம் குறையும், கருப்பட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அளவு. மூன்று நான்கு பேருக்குப் பெரிய பழம் 2, கருப்பட்டி 80 கிராம், தண்ணீர் 150 மில்லி, நெய் ஒரு டேபிள்ஸ்பூன், சுக்குப்பொடி கால் டீஸ்பூன், ஏலக்காய் 4, சீரகம் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, துருவிய தேங்காய் இரண்டு டேபிள்ஸ்பூன். கிராம்பு பிடிக்கும் என்றால் இரண்டே இரண்டு, அதற்கு மேல் போட்டால் வேறு எந்த வாசனையும் தெரியாது. பட்டை நான் போடுவதில்லை. கருப்பட்டிக்கும் பட்டைக்கும் ஒத்துப்போகாது என்பது என் கட்சி, உங்களுக்குப் பிடித்தால் சின்னத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கருப்பட்டியை உடைத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். கொதிக்கக்கூட வேண்டாம், கரைந்தால் போதும். கரைந்ததும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள், அந்தச் சுண்ணாம்பும் மண்ணும் கருப்பட்டியில் கொஞ்சம் தங்கியிருக்கும், அது அடியில் படிய இந்த நேரம் வேண்டும். பிறகு மேலே இருப்பதை மெல்லச் சாய்த்து மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி ஒன்றிரண்டு ஸ்பூன் வண்டலைக் கொட்டிவிடுங்கள். ஆசைப்பட்டு அதையும் ஊற்றினால் பழத்தைக் கடிக்கும்போது நறநறவென்று மண் கடிபடும், செய்த வேலை எல்லாம் வீண்.

இடையில் சீரகத்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து ஏலக்காயோடு சேர்த்துப் பொடித்துவிடுங்கள். சுக்குப்பொடியை முடிந்தால் வீட்டிலேயே செய்யுங்கள், சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு இடித்துச் சலிக்க வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அப்படி இடித்த பொடியின் காரம் தொண்டையில் இறங்கும்போது தனியாகத் தெரியும், நாள்பட்ட பாக்கெட் பொடியில் அது இருக்காது.

இப்போது பழம். தோலை உரித்து முக்கால் அங்குல கனத்தில் வட்டமாக வெட்டுங்கள். மெல்லிசாக வெட்டினால் உடையும், ரொம்பக் கனமாக வெட்டினால் நடுவில் பாகு போகாது. வெட்டிய முகத்தில் நடுவே கருப்பு நூல் மாதிரி விதை ஓடியிருக்கும், குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடலாம், பெரியவர்களுக்குத் தேவையில்லை.

வாணலி வேண்டாம், தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் ஆழமான, தட்டையான அடி உள்ள சட்டி வேண்டும். துண்டுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் படுக்க இடம் இருக்க வேண்டும். நெய்யைச் சூடாக்கி, துண்டுகளை அடுக்கி, மிதமான தீயில் இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகி ஓரம் லேசாகச் சிவந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுங்கள். இப்படி முகம் சிவந்த துண்டுதான் பாகில் கரையாமல் நிற்கும். சிலர் தோலோடு ஆவியில் வேகவைத்துப் பிறகு பாகில் போடுவார்கள், அதுவும் நல்ல முறைதான், வயதானவர்களுக்கு மெத்தென்று வேண்டும் என்றால் அப்படியே செய்யுங்கள். எனக்கு அந்தச் சிவந்த ஓரம் வேண்டும்.

இரண்டு பக்கமும் சிவந்ததும் வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீரைச் சட்டியின் ஓரமாக ஊற்றுங்கள், நடுவில் கொட்டினால் தெறிக்கும். சுக்குப்பொடி, கிராம்பு, உப்பு இப்போதே போட்டுவிடலாம், இவற்றுக்குக் கொதி வேண்டும். தீயைக் குறைத்து, அரைவாசி மூடி, எட்டு முதல் பத்து நிமிடம். இந்த நேரத்தில் கரண்டியைக் கையில் எடுக்காதீர்கள். கிளற வேண்டும் என்று தோன்றினால் சட்டியைக் காதுகளில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள், அது போதும். பாதியில் ஒருமுறை மட்டும் துண்டுகளைத் திருப்பி விடுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழியாகத் தளதளவென்று கொதிப்பது, நேரம் போகப் போகச் சின்னக் குமிழியாக, நுரை கட்டி, சத்தம் அடங்கிக் கொதிக்க ஆரம்பிக்கும். கறுத்த தண்ணீராக இருந்தது பளபளப்பு ஏறிப் பழத்தின் மேல் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து ஊற்றினால் தேன் போல விழ வேண்டும், அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதிரசத்துக்கு, கடலை மிட்டாய்க்குப் பார்க்கிற கம்பிப் பதமெல்லாம் இங்கே கூடாது. ஆறினால் பாகு இன்னும் இறுகும், தட்டில் வைக்கும்போது பழத்தைப் பிய்த்து எடுக்க வேண்டி வரும். தப்பித் தவறிப் பதம் கூடிவிட்டால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விடுங்கள், சரியாகிவிடும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் ஏலக்காய் சீரகப் பொடி. முன்கூட்டியே போட்டால் வாசனை சமையலறையில் சுற்றிக்கொண்டிருக்கும், தட்டில் இருக்காது. தேங்காய்த் துருவலைத் தூவி, மூடி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பரிமாறுங்கள்.

தேங்காய்த் துருவலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால் கால் டம்ளர் ஊற்றலாம், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு, கொஞ்சம் சூடு தணிந்ததும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரிந்து எண்ணெய் பிரியும். மாட்டுப்பால் வேண்டாம், வெல்லம் போட்டுச் செய்தால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம், திரியாவிட்டாலும் ருசி பாயசத்துக்குப் போய்விடும். இது பாயசம் இல்லை, பழம்தான் பெரிதாகத் தெரிய வேண்டும், பாகு அதைச் சுற்றிக் கொஞ்சமாக இருந்தால் போதும்.

கூடவே ஒரு பப்படம் பொரித்து வையுங்கள். உப்பும் மொறுமொறுப்பும் நடுநடுவே வரும்போது இனிப்பு திகட்டவே திகட்டாது. சாயங்காலம் சாப்பிடுவதாக இருந்தால் சர்க்கரை போடாத கடுங்காப்பி நன்றாகப் பொருந்தும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், பழுத்த ஏத்தனிலும் இனிப்பு நிறைய. அவர்களுக்குப் பாகு இல்லாமல், நெய்யில் சிவக்க வைத்த ஒன்றிரண்டு துண்டில் சுக்கும் ஏலக்காயும் தூவிக் கொடுங்கள், அதையும் டாக்டர் சொன்ன அளவுக்குள்.

இதே முறையில் அன்னாசியும் செய்யலாம். அன்னாசி தானாகவே தண்ணீர் விடும், அதனால் கருப்பட்டியைக் கரைக்க 75 மில்லி தண்ணீர் போதும், புளிப்புக்கு ஈடாகக் கருப்பட்டி 100 கிராம் வரை போகலாம், கடைசியில் ஒரு சிட்டிகை மிளகுப்பொடி தூவினால் தூக்கிக் கொடுக்கும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்துக் கெட்டிப் பேரிக்காயும் இதற்கு நன்றாக வரும், ஆனால் அது வேக இருபது நிமிடமாவது ஆகும், மூடி போட்டு, தண்ணீரைக் கூட்டி வேகவைக்க வேண்டும்.

மீந்தால் தேங்காய் போடாததை மட்டும் எடுத்து மூடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். திரும்பச் சூடாக்கும்போது பாகு இறுகியிருக்கும், ஒரு கை தண்ணீர் தெளித்துச் சின்னத் தீயில் மூடி வையுங்கள், மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் ரப்பராகிவிடும். தேங்காயை அப்போது புதிதாகத் துருவிப் போட்டுக்கொள்ளுங்கள்.