கிளட்ச் சத்தம்: கியர் பாக்ஸை இறக்கும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள்

பழைய வண்டியில் கிளட்ச் பக்கம் சத்தம் வந்தாலே "ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விலக்கிவிடும் பேரிங்) போச்சு" என்று சொல்லிவிடுவது பட்டறை வழக்கம். பல சமயம் அது சரிதான். தப்பாகிப்போனால் கிளட்ச் செட் மாற்றிய பிறகும் அதே சத்தம் கேட்கும், கியர் பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலி இன்னொரு முறை அழ வேண்டும். பெடல் எந்த இடத்தில் இருக்கும்போது சத்தம் பிறக்கிறது, எங்கே அடங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். மாருதி 800 போன்ற வயர் கிளட்ச் வண்டியை வைத்து இங்கே சொல்கிறோம்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, பெடலை மெதுவாக நாலைந்து முறை மிதியுங்கள். அப்போதே கிறீச் என்றால் பேரிங்குக்குச் சம்பந்தமில்லை. பெடல் புஷ், வயர், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் ஷாஃப்ட், இந்த மூன்றில் ஒன்று. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து வயர் உறையைக் கையால் பிடித்தால் சிக்கும் இடம் தட்டுப்படும். வயரில் பிசிறு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், வழியில் அறுந்தால் தொல்லை.

அடுத்து ஃப்ரீ ப்ளே. பெடலைக் கையால் அழுத்தினால் பாரம் தட்டும் வரை சுமார் 15 முதல் 25 மி.மீ. லேசாக இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) உரசிக்கொண்டு சுற்றும். ஃபோர்க் முனையிலுள்ள நட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். சில வண்டிகளில் சத்தம் இத்தோடு நின்றுவிடும்.

இனி இன்ஜினைச் சூடாக்குங்கள். திறந்த வெளியில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஓட விடுங்கள். காலை எடுத்த நிலையில் உர்ரென்று உறுமி, முழுதாக மிதித்தால் இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால் அது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) பேரிங். மிதித்ததும் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுவதுதான் காரணம். கியர் ஆயில் அளவை உடனே பாருங்கள். குறைந்த ஆயிலில் ஓடிய பாக்ஸ் இப்படித்தான் கத்தும்.

இதற்கு நேர்மாறானது ரிலீஸ் பேரிங். காலை எடுத்தால் அமைதி. ஃப்ரீ ப்ளே தீர்ந்து பாரம் தட்டும் அந்த இடத்திலேயே சீறலோ அரைக்கும் ஓசையோ தொடங்கும், அழுத்த அழுத்தக் கூடும். வயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் பலவற்றில் இந்த பேரிங் எப்போதும் தொட்டபடியே சுற்றுவதால், அங்கே சத்தம் தொடங்குவதைவிட அழுத்தும்போது மாறுகிறதா என்று பார்ப்பதே பயன்.

அம்பாசடர் போன்ற பின்சக்கர வண்டிகளில் கிராங்க் முனையில் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஒரு சிறு புஷ் உண்டு. கிளட்சை முழுதாக மிதித்து, கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால் சந்தேகம் அதன் மேல் போகட்டும்.

சிக்னலில் நிற்கையில் கடகடவென்று ஆடி, மிதித்தால் நின்றுபோனால் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ஆனால் ஐடிலிங் ரொம்பத் தாழ்ந்தாலும் இதே ஓசைதான். அதைச் சரியான அளவுக்கு ஏற்றிப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இறக்கியே தீர வேண்டும் என்றானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. லைனிங் (பிளேட்டின் உராயும் பரப்பு) ரிவெட் தலைக்கு மேல் 0.3 மி.மீ.கூட இல்லையென்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. கிளட்ச் பொருந்தும் ஃப்ளைவீலில் நீலத் தழும்போ வெடிப்போ இருக்கிறதா, கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். ஒழுகும் சீலை விட்டுவைத்தால் புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து உதறும். புது ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலில் கழுவவே கூடாது, உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும். பிளேட் நகரும் ஷாஃப்ட் பற்களான ஸ்பிளைனுக்கு விரல் நுனியளவு கிரீஸ் போதும்; மிஞ்சினால் தெறித்து லைனிங்கில் ஒட்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஏற்றி முடித்ததும் ஃப்ரீ ப்ளேயை மறுபடி அளந்து வையுங்கள், புது பிளேட்டில் அது மாறியிருக்கும்.