கல்லூரியின் முதல் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாமாண்டு மாணவர்களின் கட்டுரைத் தாள்கள் இந்த ஆண்டும் மேசைக்கு வந்துவிட்டன. மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தேறி வருகிறவர்கள் எழுதியவைதாம் என்றாலும், ஒருவரே எழுதியவை போலத் தோன்றுகின்றன. எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளே அப்படியே தொடர்கின்றன. ஒற்றுப்பிழையையும் லகர, ளகர, ழகர மயக்கத்தையும் அகராதி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முன்னுரையிலிருந்து தொடங்குவது

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் போட்டு, உட்தலைப்புகளுக்கு அடிக்கோடிட்டுப் பள்ளியில் எழுதிப் பழகியிருக்கிறீர்கள். விரைந்து எழுத வேண்டிய தேர்வில் அது உதவியது உண்மைதான். ஆனால் படிக்கும் வரிசையிலேயே எழுதவும் வேண்டும் என்று அது நம்பவைத்துவிடுகிறது. என்ன சொல்லப்போகிறோம் என்பது நமக்கே தெரியாத நிலையில் முன்னுரை எழுத உட்கார்ந்தால், எந்தக் கட்டுரைக்கும் பொருந்தக்கூடிய பொதுவான வாக்கியங்களே வரும். அவற்றை அடித்தும் திருத்தியும் மெருகேற்றுவதில் நேரம் தீர்ந்துபோய், சொல்ல வேண்டியது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும்.

‘எங்கள் ஊரும் காவிரியும்’ என்ற தலைப்பில் கடைமடைக் கிராமத்து மாணவி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கம் குடகில், தலைக்காவிரியில் தொடங்கியது. அடுத்துக் கரிகாலனும் கல்லணையும், அதன்பின் ‘சோழவளநாடு சோறுடைத்து’, பிறகு 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. முடிவுரையின் இறுதியில்தான், தண்ணீர் தாமதமாக வருவதால் தம் தந்தை இப்போது நாற்று விடுவதில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. “ஏம்மா, ஏன் விடுவதில்லை?” என்று கேட்டேன். “மேட்டூர்ல ஜூன் 12 திறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும் சார். அதுக்குள்ள நாத்து முத்திடும். அதான் அப்பா நேரடி விதைப்புக்கு மாறிட்டாங்க” என்று தொடங்கியவர், புழுதியில் விதைப்பது, மழை தவறினால் முளை கருகுவது, மிகுந்து தேங்கினால் அழுகுவது, களையெடுக்க ஆகும் கூலி என்று நிறுத்தாமல் பேசினார். அத்தனையும் கட்டுரைக்கு உரியவை. தாளில் ஒன்றுகூட இல்லை.

சொல்ல ஏதுமில்லாத ஒருவர் இப்படி எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். இவ்வளவு தெரிந்தவர், எந்த நூலிலும் கிடைப்பதை மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டு, தமக்கு மட்டுமே தெரிந்ததை ஒரு வரியில் முடித்துக்கொள்வதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. மதிப்பெண் பறிபோவதும் அங்கேதான்.

எனவே, முன்னுரைக்கு நான்கு வரி இடம் விட்டு நடுவிலிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைத் தனியே எடுத்துப் படியுங்கள். எழுதிக்கொண்டு போகும்போதுதான் நம் எண்ணம் நமக்கே தெளிகிறது என்பதால், மையக் கருத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை முன்னால் கொண்டுவந்து வைத்து, அதற்குத் துணைசெய்யாத பத்திகளை, கரிகாலனே ஆனாலும், அடித்துவிடுங்கள். அந்த மாணவி திருத்தி எழுதியபோது கல்லணை ஒரே வாக்கியத்தில் வந்தது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று அங்கே பிரியும் தண்ணீரில் தம் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசியில் இருப்பதைக் காட்டுவதற்காக.

எழுதும்போதே திருத்துவது

வாக்கியம் முடியுமுன்பே ‘க்’ மிகுமா மிகாதா என்று நின்றுவிட்டால், அடுத்து நினைத்தது மறந்துபோகும். ஐயம் வந்த இடத்தில் வட்டமிட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

மேற்கோளை அலங்காரமாக வைப்பது

குறளை எடுத்தாண்டால் அடுத்த வாக்கியம் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அலைபேசியிலிருந்து எடுத்து ஒட்டுவது

தெரிந்துவிடுகிறது.

முதல் படியையே கொடுத்துவிடுவது

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் எழுதினால், திருத்தப் பொழுதிருக்காது. ஒரு நாளாவது இடைவெளி விட்டு, வகுப்புத் தோழர் ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நட்புக்காக ஆமாம் என்றுதான் சொல்வார், “இதில் நான் என்ன சொல்கிறேன்?” என்று கேளுங்கள். அவர் வேறொன்றைச் சொன்னால் வாதாட வேண்டாம். எந்தப் பத்தியில் அப்படித் தோன்றியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தப் பத்தியை மட்டும் மீண்டும் எழுதிக் கொண்டுவாருங்கள்.