"அதான் முன்னாடியே சொன்னேனே!" – டிவி பேட்டி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மூத்த ஓவியரைப் பேட்டி எடுக்கப் போன, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் திரும்பி வந்து, "சார், அவர் செமையா பேசினார் சார்" என்றாள். ரஷ் (எடிட் பண்ணாத பதிவு) போட்டுப் பார்த்தோம். நாற்பது நிமிஷத்தில் செமையாக ஒன்றுமே இல்லை. "இதுல இல்ல சார், லைட் செட் பண்ணும்போது பேசினதைச் சொன்னேன்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் அது பொய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு நான் செய்த அதே காரியம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பேட்டரியைச் சார்ஜ் போடாமல் போவது, விருந்தினர் பெயரைத் தப்பாகச் சொல்வது, அவர் வாங்காத விருதை நாமே கொடுத்துவிடுவது – இதெல்லாம் இங்கே வராது. ஒரு தடவை செய்து நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினால் ஜென்மத்துக்கும் மறக்காது. யாரும் திட்டாததால் வருஷக்கணக்கில் செய்துகொண்டே இருப்போமே, அந்த மாதிரித் தவறுகள்தான் இங்கே விஷயம்.

ஒரே மூச்சில் மூன்று கேள்வி

"கூட்டணி எப்போது முடிவாகும், உங்கள் கட்சிக்குள்ளேயே இதில் அதிருப்தி இருக்கிறதாமே, தொண்டர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?"

அரசியல்வாதி இதில் எதற்குப் பதில் சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? தொண்டர்களுக்குத்தான். தொண்டர்களின் தியாகம், உழைப்பு, எழுச்சி என்று நாலு நிமிஷம் போகும். நடுவில் இருந்த அதிருப்தி எங்கே போனது என்றே தெரியாது. அவர் நழுவிவிட்டார் என்று நாம் குறை சொல்லவும் முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னாரே! மூன்று கதவைத் திறந்து வைத்தது நாம்தான்.

பதிலையும் நாமே சொல்லிவிடுவது

"சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தது ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்குமே?"

"ஆமாங்க."

ம்ம்... கரெக்ட்... ஓகே, ஓகே

நேரில் பேசும்போது இது மரியாதை. கேமரா முன்னால் இது எடிட்டருக்குச் செய்யும் துரோகம். விருந்தினரின் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் நம் "ம்ம்" ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த இடத்திலும் வெட்ட முடியாது. எங்கள் எடிட்டர் ஒருவர் என் "கரெக்ட்"களை எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜையில் ஒட்டினார். எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும்.

காபியோடு கதையையும் குடித்துவிடுவது

புதுப் பெண்ணின் ஓவியர் விவகாரம் இதுதான். முதலில் என் கதை.

மதுரையில் ஒரு பழைய ஆர்மோனியக் கலைஞர். ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டு பாடிப் பெட்டி வாசித்தவர். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, இரண்டு கேமராவோடு காலை எட்டு மணிக்கு அவர் வீட்டில் இறங்கினோம். கேமராமேன் லைட் போட முக்கால் மணி நேரம் கேட்டார். அந்த முக்கால் மணி நேரத்தில் பெரியவர் காபி கொடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத நாடகம் எதுங்கய்யா?" என்று கேட்டுவைத்தேன்.

சொன்னார் பாருங்கள்! ஏதோ ஒரு கிராமத்துத் திருவிழா, வள்ளி திருமணம். விடிய விடிய நடக்கவேண்டிய நாடகம். பெட்டியைத் திறந்தால் துருத்தியை எலி கடித்து வைத்திருக்கிறது. காற்று நிற்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஜனம் விசிலடிக்கிறது. அன்னதானத்தில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து, தன் வேட்டி ஓரத்தைக் கிழித்து, துருத்தியில் ஒட்டி, அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தார்களாம். இதைச் சொல்லும்போது அவருடைய இடது கை, அங்கே இல்லாத துருத்தியை விசிறிக்கொண்டே இருந்தது. வலது கை விரல்கள் முழங்காலில் ஓடின. நடுநடுவே காற்றுப் போகிற "புஸ்" சத்தத்தை வாயாலேயே கொடுத்தார். வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ணுகிற இடத்தில் ஒட்டுப் பிரிந்துவிடுமோ என்று பயந்து, இழுத்துப் பிடிக்கவேண்டிய சுரங்களையெல்லாம் தொண்டையிலேயே பிடித்தாராம். அதைப் பாடியும் காட்டினார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி உள்ளே வந்து நின்று சிரித்தார். நான் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் "ரோலிங்" என்றார் கேமராமேன். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயா, அந்த எலி துருத்தியைக் கடிச்ச கதையைச் சொல்லுங்க" என்றேன்.

"ஆமா, ஒரு தடவை எலி கடிச்சிருச்சு. சோத்தை வச்சு ஒட்டுனோம். அதான் முன்னாடியே சொன்னேனே."

பதினோரு விநாடி. என்னிடம் இருப்பது அவ்வளவுதான். கை விசிறவில்லை, "புஸ்" இல்லை, பாட்டு இல்லை. இன்னொரு முறை கேட்டேன். "அதே கதைதான் தம்பி" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். அவர்மேல் இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அவர் கேமராவிடம் கதை சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த கதையை என்னிடமே திரும்பச் சொல்ல எந்த மனிதருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். என் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது. நூறு மேடை பார்த்தவருக்குப் போலி ஆச்சரியத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? போதாததற்கு என் கேள்வியே கதையின் வயிற்றைக் கிழித்துவிட்டது. எலியையும் துருத்தியையும் நானே சொல்லிவிட்டேன். பார்ப்பவருக்கு என்ன மிச்சம்?

புதியவர்கள் இதை "பழக்கம் பிடிப்பது" என்கிறார்கள். பழக்கம் பிடியுங்கள், தாராளமாக. பஸ்ஸில் தூக்கம் வராததைச் சொல்லுங்கள், பேரன் என்ன படிக்கிறான் என்று கேளுங்கள், காபிப் பொடி எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். பேட்டிக்கு வைத்திருக்கும் விஷயத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவராகவே ஆரம்பித்தால், "ஐயா, இதைக் கேமராவில் சொல்லணும். ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க" என்று நிறுத்துங்கள். மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மேடைக்காரர்கள் யாரும் திரை தூக்குவதற்கு முன் பாடுவதில்லை. அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே புரியும்.

முன்கூட்டி விவரம் சேகரிக்க வேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்புங்கள். அமெரிக்க இரவு நேர டாக் ஷோக்களில் இதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. அவர்கள் விருந்தினரிடம் பேசி, எந்தக் கதை நன்றாக இருக்கும் என்று குறித்துக் கொடுப்பார்கள். நிகழ்ச்சியில் தொகுப்பாளர் அந்தக் கதையை விருந்தினர் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்பார். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான், ஆனாலும் முதல் நாள் போனில் பேசும் வேலையையாவது அசிஸ்டென்ட்டிடம் விடலாம்.

எல்லாம் மீறிக் கதை கசிந்துவிட்டதா? வேறு வாசல் வழியாகப் போங்கள். "எலிக் கதையைச் சொல்லுங்க" என்று கேட்காமல், "பெட்டி எப்பவாவது உங்களைக் கைவிட்டதுண்டா?" என்று கேட்டிருந்தால் எனக்கு ஒரு நிமிஷமாவது கிடைத்திருக்கும்.

அரசியல் பேட்டியில் இதே தவறு வேறு விதமாகக் கடிக்கும். ஒரு கட்சிப் பிரமுகரின் அறையில் டீ குடிக்கும்போது, ஒரு டெண்டர் விவகாரத்தின் ஃபைல் நகல் என்னிடம் இருக்கிறது என்று வாயை விட்டேன். கெத்து காட்டும் வயசு. அவர் சிரித்துக்கொண்டே பாத்ரூம் போய்விட்டு இருபது நிமிஷம் கழித்து வந்தார். கேமரா முன்னால் நான் ஃபைலை எடுத்தபோது தேதி வாரியாகப் பதில் தயாராக இருந்தது. யாருக்கு போன் போட்டாரோ! இன்னும் சிலர் நம் வாயைக் கட்டுவதற்காகவே, "இது உங்களுக்கு மட்டும்" என்று டீயோடு சேர்த்து விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் அதைக் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

1977இல் பிரிட்டிஷ் டிவி பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட், முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சனைப் பேட்டி எடுத்ததை இதற்காகவே படித்துப் பார்க்கச் சொல்வேன். நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த பேட்டி, கிட்டத்தட்ட 29 மணி நேரப் பதிவு. ஃப்ராஸ்டின் ஆய்வுக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ரெஸ்டன், நிக்சனும் அவருடைய உதவியாளர் சார்லஸ் கோல்சனும் பேசிக்கொண்ட உரையாடலின் எழுத்து வடிவத்தைத் தேடி எடுத்திருந்தார். நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் பற்றிய அமர்வு வரும்வரை அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேமரா ஓடும்போதுதான் நிக்சன் காதில் அது விழுந்தது. டீ நேரத்தில் கெத்து காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அண்ணே

அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு ஊழல் கேள்வி கேட்க முடியாது.

கேள்விகளை அனுப்பி வைப்பது

விருந்தினரின் உதவியாளர் முன்கூட்டியே கேட்பார். தலைப்புகளை மட்டும் சொல்லுங்கள்.

பேக்ஸ்மன் ஆகப் பார்ப்பது

1997 மே மாதம் பிபிசியின் நியூஸ்நைட்டில் ஜெரமி பேக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு தடவை கேட்டார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறப்போவதாக அவரை மிரட்டினீர்களா என்பதுதான் கேள்வி. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிற பையன்கள், எதையாவது பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டால் வீரம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் கேட்பது, "ஏன் பதில் சொல்ல மறுக்கிறீர்கள்?" அதற்கு எதிராளி பத்து விதமாகப் பதில் சொல்லலாம். பேக்ஸ்மன் கேட்டதற்கோ ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான். அதனால்தான் ஒவ்வொரு தடவை நழுவும்போதும் நழுவுவது தெரிந்தது. இன்னொரு விஷயம்: அடுத்த தொகுப்பு தயாராகவில்லை, இன்னும் கொஞ்சம் ஓட்டு என்று காதில் சொன்னார்கள், வேறு கேள்வி தோன்றாமல் அதையே கேட்டேன் என்று பிற்பாடு பேக்ஸ்மனே சொன்னார்.

கடுமையாகக் கேட்டால்தான் பேட்டி என்று நினைப்பது

ஜெயலலிதாவின் இரண்டு பேட்டிகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன். ஒன்று 1999இல் நடிகை சிமி கரேவால் எடுத்தது. இன்னொன்று 2004இல் பத்திரிகையாளர் கரண் தாப்பர் பிபிசிக்காக எடுத்தது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவர் தலைமையிலான அணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் இழந்திருந்தது. தோல்விக்குப் பிறகு உங்கள் அரசின் முடிவுகளை ஏன் மாற்றினீர்கள் என்று தாப்பர் விடாமல் துளைத்தார். கடைசியில் ஜெயலலிதா, உங்களுடன் பேசியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, நமஸ்தே போட்டு, மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சிமியிடமோ ஒரு பழைய இந்திப் பாட்டைப் பாடினார், பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் வீரர் நாரி கான்ட்ராக்டர்மேல் இருந்த ஈர்ப்பைச் சொல்லிச் சிரித்தார்.

வகுப்பில் கை தூக்கச் சொன்னால் எல்லோரும் தாப்பர் பக்கம்தான். சிமி எடுத்தது ஜால்ரா என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலமைச்சரிடம் கேட்கவேண்டியதைத் தாப்பர் கேட்டார், அது தேவை. ஆனால் அந்த மனுஷி யார் என்று பிற்காலத்தில் எழுத வருகிறவன் இரண்டையும் பார்த்தாக வேண்டும். யாரிடம் எதற்காகப் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், குரலை உயர்த்துவதை அப்புறம் பார்க்கலாம்.

அமைதியைப் பார்த்துப் பயப்படுவது

விருந்தினர் நிறுத்தினால் மனதுக்குள் நாலு எண்ணுங்கள். பாதிப் பேர் அந்த நாலுக்குள் மறுபடி பேச ஆரம்பிப்பார்கள், அதுதான் முதலில் சொல்லாமல் விட்ட விஷயம். 2019 நவம்பரில் பிபிசியின் எமிலி மெய்ட்லிஸ், அப்போது பிரிட்டிஷ் இளவரசராக இருந்த ஆண்ட்ரூவை அவர்மேல் இருந்த பாலியல் குற்றச்சாட்டு பற்றிப் பேட்டி எடுத்தபோது பெரும்பாலும் பேச விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு அந்தக் காலத்தில் வியர்க்கவே வியர்க்காது, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் அன்று மகளை பீட்சா கடைக்கு அழைத்துப் போயிருந்தேன் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். பேட்டி ஒளிபரப்பான நாலாவது நாள் அரச குடும்பப் பொதுப்பணிகளிலிருந்து ஒதுங்கினார்.

மைக்கைக் கழற்றும் அவசரம்

"நன்றி, வணக்கம்" சொன்னதும் மனுஷருக்குத் தோள் இறங்கும், முகம் இளகும். அந்த நேரத்தில்தான் நாம் வயரைச் சுற்ற ஆரம்பிக்கிறோம். கேமரா ஓடும்போதே, "நான் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கா?" என்று கடைசியாக ஒரு கேள்வி போடுங்கள்.

நான் அதைக் கேட்காமல் ஒரு முன்னாள் அமைச்சரின் பேட்டியை முடித்தேன். கேமராமேன் ஸ்டாண்டை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அமைச்சர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் கேட்டீங்க, அன்னிக்கு நான் ஏன் ராஜினாமா பண்ணேன்னு மட்டும் கேட்கலையே" என்றார்.

சொல்ல மாட்டார் என்று நானே முடிவு பண்ணி அடித்துவிட்ட கேள்வி. காகிதத்தில் கோடுகூட இருந்தது.

"சார், ரெண்டே நிமிஷம், ஸ்டாண்டைத் திரும்பப் போடலாமா?"

"அட விடுங்க தம்பி, சாப்பாட்டு நேரமாச்சு."