காம்போடு பறியுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பழத்தை வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள். விரற்கடை அளவு காம்பை விட்டே நறுக்குவார்கள். காம்பு ஒட்டப் பிய்த்தால் பால் பீறிட்டுத் தோலில் வழியும். வழிந்த இடம் கறுத்துப்போகும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் அந்தக் கறை போகாது. சந்தையில் அந்தப் பழத்தைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள்.

உறவுக்காரர்களிடம் ‘இல்லை’ என்று சொல்லும்போதும் இதையே செய்யுங்கள். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் மைத்துனர், தன் மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டபோது, “என்னிடம் ஏது பணம்?” என்று வெட்டிப் பேசிவிட்டேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் ஒரு வருடம் அவர் வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம், “மாமா, பணமாக என்னால் முடியாது. இரண்டு நாள் முன்னதாக வந்து பந்தி வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறேன். முடியாததை முதலில், முடிந்ததை அதே மூச்சில். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் இழுக்காதீர்கள். பாவம், அதை நம்பி அவர் வேறு இடத்தில் கேட்காமல் இருந்துவிடுவார்.