டிங்கி (டெங்கு காய்ச்சல்) கேஸ் கொறஞ்சிருச்சுன்னு சொன்னா அத எப்படி படிக்கணும்

கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃப்ளாட்டுல எம்சிஓ (கோவிட் லாக்டவுன்) டைம்ல ஒரு அண்ணனுக்கு நாலு நாளா காய்ச்சல், கிளினிக் போனா கோவிட்னு புடிச்சு வச்சிருவாங்கன்னு பயந்து பனடோல் போட்டுட்டு வீட்டுலயே படுத்துட்டாரு, அது டிங்கியா வேற ஏதாச்சுமான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, எந்த கணக்குலயும் அவரு இல்ல. அதனால கேஸ் எறங்கிருச்சுன்னு நியூஸ் வந்தா, நோயே கொறஞ்சுதா, இல்ல டெஸ்ட் எடுக்க வந்த ஆளுங்க கொறஞ்சாங்களான்னு மொதல்ல கேளுங்க.

எப்படி கண்டுபுடிக்கிறது? கேஸ் பக்கத்துலயே சாவு எண்ணிக்கையையும் வச்சுப் பாருங்க, ஏன்னா காய்ச்சல வீட்டுல மறைச்சிரலாம், சாவ மறைக்கிறது கஷ்டம். மலேசியாவுல 2019ல 130,101 டிங்கி கேஸ், 182 பேரு போயிட்டாங்க. 2020ல கேஸ் 90,304, ஆனா சாவு 145. கேஸ் எறங்குன அளவுக்கு சாவு எறங்கல, ஆயிரம் கேஸுக்கு சாவு 1.4ஆ இருந்தது 1.6 ஆச்சு, அங்கதான் எனக்கு சந்தேகம் வருது, நம்ம அண்ணன மாதிரி எத்தனை பேரு வீட்டோட இருந்தாங்களோ. 2021ல பாத்தா கேஸ் 26,365, சாவு 20, ரெண்டும் சேந்து விழுந்திருக்கு, அத என்னால கொஞ்சம் நம்ப முடியுது.

அடுத்தது, எத்தனை டெஸ்ட் எடுத்தாங்கன்னு பாருங்க. 2020 ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா மூணுலயும் சேத்து 83,307 பேருக்கு ஃப்ளூ டெஸ்ட் எடுத்ததுல 51 பேருக்குத்தான் இருந்துச்சு. அவ்ளோ தேடியும் கெடைக்கலன்னா ஃப்ளூ நெஜமாவே அடங்கிருச்சுன்னு அர்த்தம், மாஸ்க்கும் பார்டர் மூடுனதும் வேலை செஞ்சிருக்கு.

டிபி, அதாவது காசநோய், அப்படியே நேர்மாறு. ஒடம்புல மெதுவா வளர்ற நோய், ஒரே வருஷத்துல காணாம போகாது. ஆனா ஒலகம் முழுக்க புதுசா கண்டுபுடிச்சவங்க 2019ல 7.1 மில்லியன், 2020ல 5.8 மில்லியன்தான். மிச்சம் பேரு மருந்து இல்லாம இருமிக்கிட்டு வீட்டுல இருந்திருக்காங்க, இத நெனச்சாலே மனசு பதறுது.

இன்னொன்னு, எங்கெங்க டிங்கி இருக்குன்னு அரசாங்கம் காட்டுற ஐடெங்கி மேப்புல நம்ம ஏரியா க்ளீனா இருக்குன்னு நிம்மதி ஆயிராதீங்க, ரிப்போர்ட் ஆனதுதான் அதுல வரும். டிங்கின்னு சந்தேகம் வந்தா டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள சுகாதார ஆபீஸுக்கு சொல்லியாகணும், அப்புறம்தான் புகை அடிக்கவே வருவாங்க. நீங்க கிளினிக்கே போகலன்னா பக்கத்து வீட்டு புள்ளைக்கும் அந்த கொசுதான். அதனால ரெண்டு நாளைக்கு மேல காய்ச்சல் விடலன்னா ரத்த டெஸ்ட், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட், எந்த லாக்டவுன் வந்தாலும் போயிருங்க.